கச்சேரி ரோட்டு மேல்சுவர்

கச்சேரி ரோட்டில் இருந்த அலுவலகங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே கட்டிய புதுக் கட்டடத்தில் இனி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்குமாம். கோர்ட்டு போய்விட்டது, கருவூலம் போய்விட்டது. தாலுகா ஆபீஸின் பழைய பீரோக்கள் மட்டும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வராந்தாவில் லாரிக்காகக் காத்து நிற்கின்றன.

எங்கள் சாலைப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பெண் பொறியாளர் ஒருவர் போன வாரம் நாயுடுபுரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். காலியான தெருவை என்ன செய்யலாம் என்று அவரிடம் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். "சார், ரோட்டுக்கு மேல இருக்கிற கல்சுவர் பாதி ஒரு மாதிரியும் பாதி வேற மாதிரியும் கட்டியிருக்கே, ஏன் சார்? ஆபீஸ்ல யாருக்கும் தெரியலை. உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க" என்றார். வாயால் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன சோலி? எழுதுகிறேன்.

கச்சேரி ரோடு ஒன்றும் பெரிய தெரு இல்லை. பஸ் ஸ்டாண்டு வளைவில் பிரிந்து, மலைச்சரிவை ஒட்டிப் போய், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் முடிந்துவிடும். ஆனால் மலைமேல் இருந்த அத்தனை ஊருக்கும் அதுதான் தலைநகரம். பட்டா மாற்றவேண்டும், பென்ஷன் வாங்கவேண்டும், அண்ணன் தம்பி வரப்புச் சண்டை கோர்ட்டுக்கு வந்துவிட்டது, எதுவானாலும் அந்தத் தெருவுக்குத்தான் வந்தாகவேண்டும். தாண்டிக்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் வெள்ளனே ஜீப்பில் தொற்றிக்கொண்டு கிளம்பி, குளிரில் காது சிவந்து வந்து இறங்குவார்கள். அதிகாரி கேம்ப் போயிருக்கிறார் என்று தெரிந்தால் அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள்.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் அது குதிரைப் பாதை. கீழ்ப்பக்கம் ஒரு மிஷனின் பேரிக்காய்த் தோட்டம், மேல்பக்கம் துரைமார் கோடைக்கு வந்து தங்கும் பங்களாக்கள். அவர்கள் மூட்டை கட்டிப் போன பிறகு சர்க்கார் ஒவ்வொரு பங்களாவாக வாங்கியது. குதிரை லாயம் தாலுகா ஆபீஸின் ரெக்கார்டு அறை ஆயிற்று. ஒரு துரையின் சாப்பாட்டு ஹாலில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்தார். அங்கே குளிர்காயும் நெருப்புக் கூண்டுக்குப் பக்கத்தில்தான் குற்றவாளிக் கூண்டு இருந்தது. மார்கழியில் கோர்ட்டுக்குள் கொஞ்சம் கதகதப்பாக நின்றவர் குற்றவாளி ஒருவர்தான் என்று வக்கீல்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

ரோட்டுக்கு மேலே, மலையை வெட்டிச் சமன்செய்த தட்டில் இருந்த பங்களாவில் கருவூலம். அந்தத் தட்டின் மண் ரோட்டுக்குச் சரிந்துவிடாமல் தாங்கி நின்றதுதான் நான் சொல்லப்போகிற மேல்சுவர். கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டியது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். கட்டியது யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

நான் மதுரையில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எழுபதுகளின் தொடக்கத்தில் சாலைப் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். பெயர்தான் இன்ஸ்பெக்டர். ஜல்லி அளப்பது, தார் காய்ச்சுவது, வேலைக்கு வராத ஆளைத் தேடிப் போவது, இதிலேயே முதல் சில வருடங்கள் போயின. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தார் கொதிக்கும்போது மழை வந்தால் என்ன ஆகும் என்பதைக் கையிலுள்ள தழும்பு சொல்லும்.

வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது சண்முகவேல் சார் ஓவர்சியராக வந்த பிறகுதான். ஆயக்குடிக்காரர். கொய்யாத் தோப்பு உள்ள குடும்பம். ஊருக்குப் போய் வந்தால் ஒரு கூடை கொய்யா ஆபீஸ் மேஜையில் இருக்கும். ஒல்லியான மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். சரியில்லை என்றால் ஒன்றுமே சொல்லாமல் அந்த இடத்திலேயே நிற்பார். நாமே குனிந்து பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும். கண்டுபிடிக்கிற வரைக்கும் நகரமாட்டார். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

மழை பெய்கிற நாளில்தான் அவர் ரோட்டைப் பார்க்கக் கிளம்புவார். மற்ற அதிகாரிகள் வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து வருவார்கள். இவர் ஐப்பசி அடைமழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பார். "குடைக்குள்ள நின்னா நம்ம தலைமேல விழுற மழைதான்யா தெரியும். ரோட்டு மேல விழுந்த மழை எங்க போகுதுன்னு தெரியாது" என்பார். மலையில் ரோடு போடுவது என்றால் தண்ணீருக்கு வழி போடுவது, மீதி இடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

மேல்சுவரைப் பார்க்கிற முறையையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். சுவரில் அங்கங்கே கை நுழைகிற அளவு துளைகள் விட்டிருப்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் அவற்றின் வழியே வெளியே வடியவேண்டும். வடிகிற தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்க்கவேண்டும். தெளிவாக இருந்தால் கவலை இல்லை. கலங்கி வந்தால் உள்ளே இருக்கும் மண்ணும் சேர்ந்து வருகிறது என்று பொருள். "கொட்டுற மழையில ஒண்ணுமே வரலைன்னா?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்ப சுவருக்குக் கீழ நின்னு என்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காத" என்றார்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் சிமெண்டு வைத்து ஒட்டுவோம். கல் நகர்வது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மயிரளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். பிறகு மேலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை வயிற்றுப் பக்கம், கால் பக்கம் என்று அளக்கவேண்டும். சார் அளக்கும்போது கேன்வாஸ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். சுவரின் அடியில் தரை மெத்தென்று இருக்கிறதா என்று பாதத்துக்குத்தான் தெரியும் என்பார். எவ்வளவு குளிரானாலும் அப்படித்தான்.

ஒரு கோடை சீசனில், மலர்க் கண்காட்சிக்குப் பெரிய இடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெருவை அழகுபடுத்தச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கல்சுவர் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கிறது, சிமெண்டு பூசி வெள்ளையடியுங்கள் என்றார்கள். சார் ஜில்லா ஆபீசுக்கே போய்ப் பேசிப் பார்த்தார். பூசினால் துளைகள் அடைபடும், கல்லுக்கு இடையில் கசிகிற கசிவும் நிற்கும், தண்ணீர் உள்ளேயே தேங்கும் என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற பாதிச் சுவரைப் பூசித்தான் ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. காண்ட்ராக்டரின் ஆட்கள் பூசினார்கள். பூசின ஈரத்திலேயே நாங்கள் தகரக் குழாய்களைச் செருகிக் கொஞ்சம் துளைகளைக் காப்பாற்றினோம். சுவர் கல்யாண வீடு மாதிரி பளிச்சென்று ஆனது. வந்தவர்கள் காரைவிட்டு இறங்காமலே போனார்கள்.

அந்தச் சுவரின் காலடியில்தான் தங்கம்மா அக்கா உட்கார்ந்திருப்பார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிவைத்தபோது கப்பலேறி வந்து, கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கள் மலைக்கு வந்து சேர்ந்தார். அவரைப்போல வந்த குடும்பங்கள் மரம் வெட்டும் காண்ட்ராக்டர்களிடம் வேலை செய்துகொண்டு, காட்டோரம் பிளாஸ்டிக் தாள் கட்டிய குடிசைகளில் கிடந்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அக்கா தகரப் பெட்டிமேல் பலகை வைத்து, மேல்சுவரில் ஆணியடித்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, அவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் என்று சொல்லமாட்டார், கந்தோர் என்பார். மலையேறி வருகிற அவருடைய சனங்கள் எல்லோரும் அந்தத் தெருவைக் கந்தோர் ரோடு என்றுதான் சொன்னார்கள்.

ஒரே விஷயத்தைத்தான் அவர் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். குடியிருக்க ஆளுக்கு ஒரு துண்டு மனை. "தொரை கட்டிக் குடுத்த லயத்து வீட்டுல பொறந்தோம், இங்க வந்து காண்ட்ராக்டர் குடிசையில கெடக்கோம். எனக்குன்னு நாலு சுவரு எழுப்பி, அதுல ஒரு ஆணி நானா அடிக்கணும் தம்பி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது தார்ப்பாய் கட்டியிருந்த ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புது தாசில்தார் வந்தார். வயது அதிகமில்லை. தங்கம்மா அக்காவின் மனுக்களைத் தேடியெடுத்துப் படித்தவர் அவர்தான். புறம்போக்கு நிலம் ஒன்றைக் கண்டுபிடித்து, அளந்து, மேலே எழுதி, எப்படியோ சம்மதம் வாங்கிவிட்டார். கோட்ட அதிகாரி கீழேயிருந்து நேரில் வந்து, எல்லோருக்கும் பட்டாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக நாள் குறித்தார்கள். அது ஐப்பசி மாதம் என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருடம் மழை எல்லா வருடத்தையும் போல இல்லை. ஆரம்பித்தது நிற்கவே இல்லை. சண்முகவேல் சாருடைய அம்மா தவறிவிட்டதாகத் தந்தி வந்து அவர் ஆயக்குடிக்குப் போயிருந்தார். அவர் போன மறுநாளே பழனி ரோட்டில் மண் சரிந்து வழி அறுந்துவிட்டது. டெலிபோனும் இல்லை. பிரிவில் நானும் மஸ்தூர்கள் என்கிற ரோட்டுக் கூலியாட்களும்தான்.

பட்டா கொடுக்கிற நாள் காலையில் வழக்கம்போல மேல்சுவரைப் பார்க்கப் போனேன். முந்தின நாள் மாலை வரை குழாய்களில் தண்ணீர் கலங்கலாக வந்துகொண்டிருந்தது. இப்போது பூச்சுப் போட்ட பாதியில் ஒரு குழாயிலும் சொட்டு இல்லை. மழையோ கொட்டிக்கொண்டிருக்கிறது. விரிசலில் ஒட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். குறுக்கே உடைந்திருந்தது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். சுவரின் வயிறு நூலைத் தொட்டது. என் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். ஏன் கழற்றினேன் என்று இப்போதும் தெரியவில்லை. குளிரில் பாதம் மரத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குள் சனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கோணிச்சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாலுகா ஆபீஸ் எதிரே மேல்சுவரை ஒட்டித்தான் வரிசையாக உட்கார்ந்தார்கள். மழைச்சாரலுக்கு அங்கேதான் கொஞ்சம் மறைவு. ஆபீசுக்குள் அத்தனை பேருக்கு இடம் கிடையாது. பின்னால் பள்ளம்.

மஸ்தூர்களைக் கூப்பிட்டு ரோட்டின் இரண்டு முனையிலும் தார் டிரம்களை உருட்டிவரச் சொன்னேன். கருவூலத்து ஆட்களை முற்றத்துப் பக்கம் வராமல் பின்வழியாகப் போகச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

தங்கம்மா அக்கா அன்றைக்கு ஒரு நல்ல சேலை கட்டியிருந்தார். "என்ன தம்பி, டிரம்மெல்லாம் உருட்டிக்கிட்டு வர்றீங்க? பந்தலா போடப் போறீங்க?" என்று சிரித்தார்.

"அக்கா, எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருங்க. ரோட்டை அடைக்கிறேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னைக்கா?"

"சுவரு தள்ளிக்கிட்டு நிக்குதுக்கா. வெரசா போகச் சொல்லுங்க."

"தம்பி, பெரிய தொரை கந்தோருக்குள்ள வந்து உக்காந்துட்டாரு. கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்துட்டாரு. ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். இந்தச் சுவரு இத்தன வருசமா நின்னுச்சு, இன்னும் ரெண்டு மணி நேரம் நிக்காதா?"

ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதன் தாய் கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். இன்னொருத்தி வந்தாள். மஸ்தூர்கள் கிழவர்களைக் கைபிடித்துத் தூக்கினார்கள். அப்படித்தான் அந்தத் தெருவைக் காலி செய்தோம். கடைசியாக எழுந்தவர் தங்கம்மா அக்கா. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். நான் வாங்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார்.

தாசில்தார் வெளியே ஓடிவந்தார். "யாரு உத்தரவு போட்டது? உங்க ஓவர்சியர் எங்க?"

"ஊருக்குப் போயிருக்காருங்க சார். வழி அறுந்து கெடக்கு. நான்தான் அடைச்சேன்."

"அந்தோணி, இந்த ஃபைலை இங்க கொண்டுவர நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இன்னைக்கு விட்டா எப்போன்னு சொல்ல முடியாது. சுவர் விழும்னு எழுதிக் குடுப்பியா?"

"விழும்னு எழுத முடியாதுங்க சார். விழாதுன்னும் என்னால எழுத முடியாது. அதனாலதான் அடைச்சேன்."

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சர்ச் ஹாலைக் கேட்டு வாங்கித் தருகிறேன், மேஜையை அங்கே போடலாம் என்றேன். யோசித்துவிட்டு உள்ளே போனார். ஆனால் அதற்குள் வத்தலக்குண்டு ரோட்டிலும் மரம் விழுகிறது என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். கோட்ட அதிகாரி இங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து ஃபைல்களைக் கட்டச் சொல்லிவிட்டார். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று டிரம்மைத் தாண்டி ஜீப்பில் ஏறினார். ஃபைல்களும் அவரோடு இறங்கிப் போயின.

சனங்கள் நனைந்தபடி ஜீப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்றைக்குச் சுவர் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது. சுவர் தொப்பையைத் தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது. வக்கீல்களும் குமாஸ்தாக்களும் கடைவீதிக்குப் பின்னால் இருந்த சேற்றுப்பாதையில் சுற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். "என்ன அந்தோணி, உன் சுவரு சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஊரில் அதற்கு அந்தோணி சுவர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதுகூட யாரோ அதைச் சொல்லிச் சிரித்தது என் மனைவி காதில் விழுந்து, அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வேகமாக நடந்தாள். அதிகாரம் இல்லாத ஆள் அரசுச் சாலையை அடைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோவும் வந்தது.

தங்கம்மா அக்கா பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கவுண்டர் பக்கம் பெட்டியைப் போட்டுக்கொண்டார். நான் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

தினமும் காலையில் போய்ச் சுவரைப் பார்ப்பேன். ஒரு நாள், இது விழுந்து தொலைத்தால் தேவலை என்று தோன்றியது. உடனே பயந்துபோனேன். ஒரு சுவர் விழவேண்டும் என்று சாலைப் பிரிவு ஆள் ஆசைப்படுவதா? ஆனால் உண்மை அதுதான். அந்த நாட்களில் எனக்குள் பாதி மனம் நான் சரி என்று சொல்லியது. பாதி மனம், ஒன்றுமில்லாததற்குப் பயந்து அத்தனை பேர் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்றது.

ஒரு மதியம் சண்முகவேல் சார் வந்து சேர்ந்தார். வத்தலக்குண்டு வழியாகச் சுற்றி, பாதி தூரம் காய்கறி லாரியில், பாதி தூரம் நடந்து வந்திருக்கிறார். மொட்டைத் தலையில் மப்ளர் கட்டியிருந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கச்சேரி ரோட்டுக்கு வந்தார். டிரம்மைத் தாண்டி உள்ளே போய், ஷூவைக் கழற்றினார். குழாய்களைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், குண்டைத் தொங்கவிட்டு அளந்தார். நான் முனையில் நின்றுகொண்டிருந்தேன். தாயைப் பறிகொடுத்து வந்திருக்கிற மனிதரிடம் முதலில் துக்கம் கேட்கவேண்டும். எனக்கு வாயில் வந்ததோ வேறு.

"சார், நான் செஞ்சது சரிங்களா?"

அவர் ஷூவை மாட்டிக் கயிற்றைக் கட்டி முடித்தார். பிறகு, "நான் இருந்திருந்தா முந்தின நாள் சாயங்காலமே அடைச்சிருப்பேன்" என்றார். இரண்டடி நடந்தவர் திரும்பினார். "ஏலே, சாப்பிட்டியா?"

மெமோவுக்கு நான் எழுதியிருந்த பதிலின் கீழே, தான் இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சுவர் தானாக விழுகிறவரை காத்திருக்க முடியாது, நாமே இறக்கவேண்டும் என்று மேலே எழுதி அனுமதியும் வாங்கினார்.

மழை வெறித்த வாரத்தில் வேலை தொடங்கியது. அடியில் ஒருவரும் நிற்கக்கூடாது. கருவூல முற்றத்திலிருந்து இடுப்பில் கயிறு கட்டிய ஆட்கள் மேல்வரிசைக் கல்லை நெம்பி உள்பக்கமாக இழுக்கவேண்டும், ரோட்டுப் பக்கம் தள்ளக்கூடாது. ஒரு வரிசை எடுத்தவுடன் பின்னால் உள்ள மண்ணைச் சரிவாக வெட்டி எடுக்கவேண்டும். அதன் பிறகுதான் அடுத்த வரிசை. அவசரப்பட்டவன் கையிலிருந்து கடப்பாரையை சார் மெதுவாக வாங்கி வைத்துக்கொள்வார். அவ்வளவுதான் தண்டனை.

பூச்சுப் போட்ட பகுதியில் மூன்றாவது வரிசையை எடுத்தபோது வேலை தானாக நின்றது. கல்லுக்குப் பின்னால் மண் இல்லை. தண்ணீர் தேங்கித் தேங்கி மண்ணைக் கரைத்து எங்கேயோ கொண்டுபோயிருந்தது. நான் கையை விட்டுப் பார்த்தேன். தோள் வரை போனது. அதற்கும் கீழே மாவுபோலச் சேறு. தாசில்தாரும் வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கு விழுந்திருக்குமா?" என்று சாரிடம் கேட்டார்.

"தெரியாதுங்க சார். நின்னாலும் நின்னிருக்கும். உள்ள இருக்கிறது நமக்குத் தெரியாமத்தான அடைக்கிறோம்" என்றார் சார். தாசில்தார் போன பிறகு என் பக்கம் திரும்பி, "விழுந்திருந்தா உன்ன ஊரே மெச்சியிருக்கும். விழல, மெமோ குடுத்தாங்க. இந்தச் சோலி அப்படித்தான்" என்றார்.

அந்தப் பாதியை அடியிலிருந்து புதிதாகக் கட்டினோம். பின்னால் மண்ணுக்குப் பதில் கல் சில்லுகளை நிரப்பி, துளைகளை நெருக்கமாக விட்டு, பூச்சு எதுவும் இல்லாமல். மறு பாதி பழைய சுவர்தான். பொறியாளர் அம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சார் அதற்குப் பிறகு பழனிக்கு மாறுதலாகிப் போனார். நான் அந்தத் தெருவிலேயே இருந்து, பதவி உயர்ந்து, ரிட்டயர் ஆனேன்.

ஆனால் தங்கம்மா அக்காவின் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது.

தாசில்தார் அந்த ஃபைலை விடவில்லை. பழைய கோட்ட அதிகாரி மாறிப்போய், புது ஆள் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி, மறு வருடம் கோடை முடிகிற நேரத்தில் திரும்பச் சம்மதம் வாங்கினார். இந்தத் தடவை யாரையும் தெருவுக்கு வரச் சொல்லவில்லை. மனை கொடுக்கிற இடத்துக்கே ஜீப்பில் மேஜையை ஏற்றிக்கொண்டு போய், குலுக்கல் போட்டு, அங்கேயே வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்கு அழைப்பு இல்லை. இருந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் தங்கம்மா அக்கா என் வீட்டு வாசலில் நின்றார். அந்த மழைநாளுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி உள்ளே வரச் சொல்லி, காபி போடட்டுமா என்று கேட்டாள். "வேணாம் தாயி, தேத்தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க" என்றார். குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா? என்கூட ஒரு எடத்துக்கு வரணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் போய் இறங்கி, சரிவில் கொஞ்ச தூரம் நடந்தோம். வழியெல்லாம் அவர் மகள்களைப் பற்றித்தான் பேசினார். மூத்தவள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

புறம்போக்கு நிலம் மனை மனையாகக் கல் நட்டுப் பிரிந்து கிடந்தது. சில பேர் அதற்குள் கடைக்கால் போட்டுவிட்டார்கள். அக்காவுக்குக் குலுக்கலில் விழுந்தது கடைசி மனை. பின்பக்கம் மலையை வெட்டிய மேடு, வீட்டுக்கு நல்ல மறைவாக, காற்றடிக்காமல் இருந்தது. அந்த மேட்டை ஒட்டி முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தார். சமையல் இங்கே, படுக்கை இங்கே, வாசல் இங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"எல்லாரும் ராசியான மனை, காத்துக்கு மறைவுன்னு சொல்லுறாங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துச் சொல்லுங்க. இந்த மேடு நிக்குமா?"

நான் மேட்டின் மேலே ஏறிப் பார்த்தேன். மேலேயிருந்து மழைத்தண்ணீர் ஓடிய தடம் ஒன்று இறங்கி, சரியாக மனைக்குப் பின்னால் மண்ணுக்குள் புகுந்திருந்தது. கோடையிலும் அந்த இடத்துப் புல் பச்சையாக இருந்தது. கீழே வந்து கையால் மண்ணை உதிர்த்துப் பார்த்தேன். அக்கா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். எத்தனை வருடம் எழுதி வாங்கிய மண் என்று எனக்குத் தெரியும்.

"பின்னால ஒட்டிக் கட்ட வேணாம்க்கா. மழைக்கு இது இறங்கும். முன்னால தள்ளிக் கட்டுங்க. எடம் சுருங்கும். திண்டாட்டந்தான். காத்தும் அடிக்கும்."

அவர் மேட்டைப் பார்த்தார். கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தார். ரெண்டு வருடம் நிக்காதா, ஒரு மழை தாங்காதா என்று கேட்பார் என நினைத்து, பதிலைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பிடுங்கினார். எல்லாவற்றையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒரு கல்லை எடுத்தார்.

"எங்க அடிக்கணுமோ அந்த எடத்துல போய் நில்லுங்க தம்பி" என்றார்.

நான் அளந்து போய் நின்றேன். என் காலடியில் உட்கார்ந்து முதல் குச்சியை அடித்தார்.